தனிமைக் குறைபாடு

தையல்காரி அந்தக் காப்பி மெஷினை வாங்கியதற்கு ஒரே காரணம்தான். அவள் வீட்டில் காப்பி குடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

புருஷனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஐந்தாவது மாடி வீட்டில் இவளும், ஜன்னலோரத் தையல் மெஷினும், இடுப்பைப் பிரிக்கவும் காலைக் குட்டையாக்கவும் வந்து குவிந்து கிடக்கும் பேண்ட்டுகளும்தான். பாத்திரத்தில் காப்பி போட்டால் ஒரு ஆளுக்கென்று அளவே வராது. மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக் குடித்துப் பார்த்து, கடைசியில் தொட்டியில் கொட்டுவாள். இந்த மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. காப்பித்தூள் அடைத்த, கட்டைவிரல் அளவு கேப்ஸ்யூல் ஒன்றை உள்ளே வைத்து மூடி, பொத்தானை அமுக்கினால் ஒரே ஒரு கோப்பை காப்பி. ஒரு சொட்டு மிஞ்சாது. அட்டைப் பெட்டி மேல் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தனியாகக் குடிக்கிற படம் போட்டிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கீழே பொடி எழுத்தில் 'வீட்டு உபயோகத்திற்கு மட்டும்' என்று இருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளத்தானே வாங்குகிறோம் என்று தையல்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் அந்தப் படத்தில் இருந்த மாதிரியே தனியாகக் குடித்தாள். நிம்மதி மட்டும் வரவில்லை.

ஒருநாள் காலையில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். எதிர்வீட்டு மாமா வந்து வாசலில் நின்றார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போனதிலிருந்து அந்த மாடியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி இறங்கிப் போய்விடுவார்.

"என்னம்மா வாசனை?" என்றார்.

தையல்காரி இன்னொரு கேப்ஸ்யூலை வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

அடுத்த நாளிலிருந்து மாமா கதவைத் தட்ட ஆரம்பித்தார். பிறகு, தபால் கொடுக்க வந்த அக்கா ஏன் இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்த அண்ணன் தண்ணீர் கேட்டு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அந்த லிஃப்ட் அடிக்கடி நிற்கிற ஜாதி. அதனால் அவரும் அடிக்கடி வந்தார். ஒரு கோப்பை போடுகிற மெஷினில், அதைச் செய்தவர்களே யோசிக்காத ஒரு வசதி இருந்தது. ஒருத்தர் கோப்பை நிரம்பி முடித்தால்தான் அடுத்தவருக்கு. காத்திருக்கிற நேரத்தில் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். மாமா மழையில் சிக்னல் தெரியாமல் ரயிலை நிறுத்திய கதை, தபால்காரக்காவின் மாமியார் கதை எல்லாம் அந்த இடைவெளியில்தான் வெளியே வந்தன.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'க்ர்ர்' என்றது. காப்பி வரவில்லை.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாததால் உத்தரவாதம் உயிரோடு இருந்தது. தையல்காரி கம்பெனிக்குப் போன் போட்டாள். பேசியவர் மெஷினின் நம்பரைக் கேட்டு, எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்கிற குரலுக்கு மாறினார்.

"மேடம், உங்க மெஷின்ல தனிமைக் குறைபாடு காட்டுதே."

"என்ன குறைபாடு?"

"தனிமைக் குறைபாடு. ஒரு ஆள் குடிக்கிற அளவைத் தாண்டி ஓடியிருக்கு. மெஷினே எங்களுக்குத் தகவல் அனுப்பும் மேடம். இதை விசாரிக்காம ரிப்பேர் பண்ண முடியாது. ஆய்வாளர் ஒருத்தர் வருவார்."

"எனக்குக் காப்பி வரலைங்க. அதை யாராவது வந்து பார்த்தாப் போதும்."

"அதைத்தான் மேடம், ஏன் இவ்வளவு வந்ததுன்னு பார்க்கப் போறோம்."

ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயது, முன் வழுக்கை, கழுத்தில் அடையாள அட்டை. மெஷினை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தார்.

"இந்த மெஷின்ல யார் யார் குடிச்சாங்க?"

"நான், எதிர்வீட்டு மாமா, தபால்காரக்கா, லிஃப்ட் அண்ணன்."

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. "அப்போ எல்லாருமே சொந்தக்காரங்க! நல்லவேளை. மாமான்னா அம்மாவோட தம்பியா, வீட்டுக்காரரோட அப்பாவா?"

"எதிர்வீட்டு மாமா, தம்பி."

"புரியுது. அவர் எப்படி மாமா ஆனார்?"

"எதிர்வீட்டுக்குக் குடி வந்தார். மாமா ஆயிட்டார்."

"அக்கா?"

"தபால் கொண்டு வருவாங்க."

"கூடப் பிறந்தவங்க இல்லையா?"

"என்னைவிட மூணு வயசு பெரியவங்க, தம்பி. பேர் சொல்லியா கூப்பிட முடியும்?"

ஆய்வாளர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "என்னையும் ரெண்டு தடவை தம்பின்னு சொல்லிட்டீங்க. அதை எப்படிப் பதிவு பண்றதுன்னு தெரியலை."

"இருக்கட்டும் தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க. மெஷின்தான் ஓடலை. பாத்திரத்துல போட்டுத் தர்றேன், குடிங்க."

அவர் ரொம்ப யோசித்தார். பாத்திரக் காப்பிக்குக் கம்பெனி விதி எதுவும் இல்லை என்று தெளிந்த பிறகு குடித்தார். இன்னொரு கோப்பையும் வாங்கிக்கொண்டார். ஆனாலும் கடமை தவறாதவர். அவர் அனுப்பிய அறிக்கையில் இப்படி இருந்தது: 'வாடிக்கையாளர் பார்ப்பவர்களை எல்லாம் உறவுமுறை சொல்லி அழைக்கிறார். இந்தக் குடும்பம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கணவர் கடலில் இருக்கிறார். கடல், விதிகளின்படி, வீடு ஆகாது.'

குடும்பம் எங்கே முடிகிறது என்று தெரியாததால், முதலில் வீடு எங்கே முடிகிறது என்று பார்த்துவிட ஒரு எல்லை நிர்ணயக் குழுவைக் கம்பெனி அனுப்பி வைத்தது. ஆய்வாளரும் கூட வந்தார். குழுவுக்குத் தலைமை சட்ட ஆலோசகர் அம்மா. அளவு நாடா, மஞ்சள் ஒட்டுப்பட்டை சகிதம் வந்து இறங்கினார்கள். சட்ட ஆலோசகர் அறை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தத் தையல் மெஷின்ல சம்பாதிக்கிறீங்களா?"

"ஆமாங்க."

"அப்போ அது தொழிற்கூடம். சமையல் மேடை வீடு. இங்கேர்ந்து இங்கே வரைக்கும் கோடு போடுங்கப்பா."

தரையில் மஞ்சள் பட்டை ஒட்டினார்கள். அது கட்டிலின் குறுக்கே போயிற்று. தையல்காரி சில நாள் கட்டிலில் உட்கார்ந்து பட்டன் தைப்பதுண்டு என்று உண்மையைச் சொல்லிவிட்டதால் வந்த வினை. தலைமாடு வீட்டிலும் கால்மாடு தொழிற்கூடத்திலும் சேர்ந்தன.

"இனிமே கோப்பையோட இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தைச்சுக்கிட்டே குடிச்சா அது வணிகப் பயன்பாடு" என்றார் சட்ட ஆலோசகர்.

"குடிச்சிட்டுப் போய்த் தைச்சா?"

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"வாயைத் துடைச்சிட்டு."

சட்ட ஆலோசகர் குழுவைப் பார்த்தார். குழுவினர் தனியே கூடிப் பேசினார்கள். தனியே கூட அந்த வீட்டில் வேறு இடம் இல்லாததால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்து, மேற்கொண்டு விசாரணை நடக்கும் என்றும், காப்பியின் தெம்பு உடம்பில் இருக்கும்வரை தைப்பது விதிமீறல்தான் என்றும் அறிவித்தார்கள்.

தையல்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாமா வாசலுக்கு வந்தார். மெஷின் கெட்டுப் போனது அவருக்குத் தெரியும். இருந்தாலும் காலையில் தட்டுகிற பழக்கத்தை விடவில்லை. சட்ட ஆலோசகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவர்தான் அந்த வெளியாளா?"

மாமா தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றப் போனவர் மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்புறம் வரேன்மா" என்று திரும்பிப் போனார்.

அப்புறம் அவர் வரவில்லை. மறுநாள் காலை தையல்காரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. அவளே போய்த் தட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"என்ன மாமா, ஆளையே காணோம்?"

"வயிறு சரியில்லம்மா. காப்பியை நிறுத்திட்டேன்."

"பொய் சொல்லாதீங்க."

அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "என்னால உனக்கு எதுக்கும்மா வம்பு? பொம்பளை தனியா இருக்கிற வீடு. நாலு பேர் வந்து கோடு போட்டு அளக்கிறாங்க. எனக்குக் கூச்சமா இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. தையல்காரி நடையில் அப்படியே நின்றாள். காப்பி வராததற்கு அவள் கோபப்படவில்லை, கட்டிலைக் கூறு போட்டதற்கும் கோபப்படவில்லை. எதிர்வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க ஒரு பெரிய மனுஷனைக் கூச்சப்பட வைத்துவிட்டார்களே என்றதும் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் போய் மஞ்சள் பட்டையை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்து வந்தது. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, எங்கே விசாரணை, எப்போது வரட்டும் என்று கம்பெனிக்கு அவளே போன் போட்டாள்.

விசாரணை கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நடந்தது. வாசலிலிருந்து கூடம் வரைக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் வகைவகையாய்க் காப்பி மெஷின்கள். ஆனால் அங்கே வேலை பார்க்கிற ஒருவர் கையிலும் காப்பி இல்லை. எல்லோரும் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகம் வீடு ஆகாது என்பதால் அங்கே மெஷினை ஓட்டக் கூடாது என்று, வரவேற்பில் இருந்த பெண் கொட்டாவி விட்டபடி விளக்கினாள்.

உத்தரவாதப் பரிபாலன மன்றம் என்று அந்த அறைக்குப் பெயர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் சட்ட ஆலோசகர், மறுபக்கம் ஆய்வாளர். மூன்றாம் தரப்பு என்று மாமாவையும் வரவழைத்திருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், மனைவி இறந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக முகச்சவரம் செய்துகொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரி மெஷினையும் மிச்சமிருந்த கேப்ஸ்யூல்களையும் துணிப்பையில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

"நீங்க இந்த அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று தலைவர் மாமாவைக் கேட்டார்.

"எதிர்வீடுங்க."

"அது முகவரி. நான் உறவைக் கேட்டேன்."

மாமா யோசித்தார். "காலையில கதவைத் தட்டுவேன். திறக்கும்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனசைத் தொடுது. ஆனா விதியில அப்படி ஒரு உறவு இல்லை. அம்மா, நாங்க உங்களுக்கு எதிரி கிடையாது. நாங்க காப்பி விக்கிறவங்கன்னு நீங்க நினைக்கிறீங்க. மெஷின் விக்கிறவங்கன்னும் நினைக்கலாம். ரெண்டுமே இல்லை. நாங்க தனிமையை விக்கிறோம். ஒரு ஆள், ஒரு கோப்பை, ஒரு மெஷின். எவ்வளவு அழகு பாருங்க! உங்க வீட்டுல நாலு பேர் கூடிக் குடிச்சா, மத்த மூணு பேரும் எதுக்காக ஆளுக்கொரு மெஷின் வாங்குவாங்க? ஊரெல்லாம் இப்படி ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக ஆரம்பிச்சிட்டா மனுஷன் தனியா இருக்கிறதே நின்னு போயிடும். அப்புறம் நாகரிகம் என்ன ஆகும்? எங்க கம்பெனிதான் என்ன ஆகும்?"

சட்ட ஆலோசகர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். ஆய்வாளரும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக.

"இருந்தாலும் கருணையோட ஒரு தீர்வு வெச்சிருக்கோம்" என்றார் தலைவர். "இனிமே அந்த வீட்டுல காப்பி குடிக்க மாட்டேன்னு இவர் ஒரு கையெழுத்துப் போடட்டும். மெஷினை இப்பவே சரி பண்ணித் தர்றோம்."

ஒரு தாளும் பேனாவும் மாமா முன்னால் வந்தன. மாமா படித்துக்கூடப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மாமா, பேனாவைக் கீழ வைங்க" என்றாள் தையல்காரி.

"இருக்கட்டும்மா. உன் மெஷின் ஓடணும்ல?"

"கீழ வைங்கன்னு சொல்றேன்ல."

அவள் குரலைக் கேட்டு மாமா மட்டுமல்ல, தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆய்வாளரும் கையை எடுத்துவிட்டார். தையல்காரி தலைவர் பக்கம் திரும்பினாள்.

"இப்பவே சரி பண்ணித் தர்றோம்னீங்களே. அப்போ என்ன கோளாறுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? முதல் நாளே தெரியும்." தலைவர் பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "துளையில காப்பித்தூள் அடைச்சிருக்கு. கேப்ஸ்யூலைக் குத்துற இடத்துல. எல்லா மெஷின்லயும் வர்றதுதான். ஒரு ஊசி எடுத்துக் குத்தினாச் சரியாப் போயிடும்."

"அப்போ ஏன் குத்தலை?"

"குத்துறதா?" தலைவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ரிப்பேர் பண்றது எங்க வேலை இல்லம்மா. உத்தரவாதத்தைப் பாதுகாக்கிறதுதான் எங்க வேலை. வர்றவங்களுக்கெல்லாம் ரிப்பேர் பண்ணிக் கொடுத்துக்கிட்டிருந்தா அப்புறம் உத்தரவாதத்தை யார் பார்த்துக்குவா?"

தையல்காரி கைப்பையைத் திறந்தாள். ஊசி இல்லாத தையல்காரி உலகத்தில் கிடையாது. மெஷினைக் கவிழ்த்தாள். குத்துகிற இடத்தை மூடியிருந்த தகட்டின் மேல் ஒரு வெள்ளி ஸ்டிக்கர்: 'பிரித்தால் உத்தரவாதம் ரத்து.'

"அம்மா! அதைத் தொடாதீங்க!" என்று சட்ட ஆலோசகர் எழுந்தேவிட்டார். "அதைக் கிழிச்சா உங்களுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமப் போயிடும்!"

"நிஜமாவா?" என்றாள் தையல்காரி. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதல் நாளே கிழிச்சிருப்பேனே."

நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, அவசரமே இல்லாமல் உரித்தாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தகடு கழன்று வந்தது. ஊசியை விட்டு நாலு குத்து. கறுப்பாய்க் கெட்டித்த தூள் மேஜை மேல் உதிர்ந்தது. தகட்டை மறுபடி அமுக்கி மெஷினை நிமிர்த்தி, சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் வயரைச் சொருகினாள். தலைவர் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றி, ஒரு கேப்ஸ்யூலை உள்ளே வைத்தாள். அவருடைய கண்ணாடித் தம்ளரையும் எடுத்துக்கொண்டாள்.

"இது வீடு இல்லை!" என்று தலைவர் கத்தினார். "இங்கே ஓட்டக் கூடாது! விதி!"

"சம்பந்தமே இல்லைன்னு இப்பத்தானே சொன்னாங்க?"

பொத்தானை அமுக்கினாள். மெஷின் 'க்ர்ர்' என்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அப்புறம் மெல்லிசாக ஒரு தாரை விழ ஆரம்பித்தது. காப்பி மெஷின் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் முதன்முறையாகக் காப்பி வாசனை எழுந்தது. கதவோரம் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் யாரோ. வரவேற்புப் பெண்ணுக்குக் கொட்டாவி நின்றுபோயிருந்தது.

முதல் தம்ளரை மாமாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிடும் மாமா, குடிங்க."

குடித்தார். "சர்க்கரை கம்மி" என்றார். அப்படிக் குறை சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று தையல்காரிக்குத் தெரியும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மெஷின் பக்கம் திரும்பி அடுத்த கேப்ஸ்யூலை வைத்தாள்.

"அடுத்து யாருக்கு?" என்றாள் பொதுவாக.

ஆய்வாளர் தலைவரைப் பார்த்தார். சட்ட ஆலோசகரைப் பார்த்தார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். "எனக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா, அக்கா."

மன்றத்தின் தீர்ப்பு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. உத்தரவாதம் ரத்து. அந்த வீட்டோடு கம்பெனிக்கு இனி எந்த உறவும் இல்லை. தையல்காரி அதைப் படித்துவிட்டு, ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கத்தரித்துவிட்ட மாதிரி உணர்ந்தாள். தகட்டைச் சரியாகப் பொருத்தாததால் மெஷின் அடியில் கொஞ்சம் ஒழுக ஆரம்பித்திருந்தது. வெட்டுத்துணிக்கா அவள் வீட்டில் பஞ்சம்? ஒன்றை மடித்துக் கீழே வைத்தாள்.

உறவு இல்லை என்று ஒரு பிரிவு முடிவு செய்தது இன்னொரு பிரிவுக்குத் தெரியாமல் போவது பெரிய இடங்களில் சகஜம். சில நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. சின்னப் பெண் குரல், மனப்பாடமாய் ஒப்பித்தது.

"வணக்கம் மேடம், எங்கள் சேவையில் உங்கள் திருப்தியைத் தெரிந்துகொள்ள அழைத்திருக்கிறோம். உங்கள் மெஷின் இப்போது எப்படி இருக்கிறது?"

"ஒழுகுது. ஆனா ஓடுது."

"நன்றி மேடம். மெஷினைப் பயன்படுத்துபவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானே?"

தையல்காரி அறையைப் பார்த்தாள். மாமா கட்டில் கால்மாட்டில் சாய்ந்து ஏதோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரக்கா பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்ட் அண்ணன் தையல் மெஷின் பக்கத்தில் கோப்பையும் கையுமாக நின்றார். விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்த ஆய்வாளர் பட்டன் டப்பாவில் நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இரும்மா, கேட்டுச் சொல்றேன்." போனைக் கையில் உயர்த்திப் பிடித்தாள். "இன்னும் யாருக்கெல்லாம் காப்பி?"

நாலு பேரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள். ஒருத்தருக்குச் சர்க்கரை தூக்கலாக, ஒருத்தருக்குச் சர்க்கரையே வேண்டாம். ஒருத்தர் கதையை நிறுத்தாமலே கோப்பையை நீட்டினார். தையல்காரி போனை மறுபடி காதில் வைத்தாள்.

"கேட்டுச்சா? எழுதிக்கோ."

மறுமுனையில் அந்தப் பெண், ஒப்பிக்கிற குரலை விட்டுவிட்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்க வீடு எந்த மாடி?"